நான் நிறுத்திவைத்த கேள்வி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, லேப்பின் பின்னறையில் கேக் வெட்டி, கறிபாப் கொடுத்து என்னை வழியனுப்பினார்கள். எல்லாம் முடிந்து நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நிஷாலினி பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று வருடமாக எங்களோடு வேலை செய்யும் பெண்.

“ஆன்டி, போறதுக்கு முன்னாடி உங்க செட்டிங்ஸ் ஃபைல எனக்குக் குடுத்துட்டுப் போங்க லா. இத்தனை வருஷமா நீங்க எழுதிச் சேத்தது. நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?” என்று கேட்டாள்.

தர மாட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கிப் போனது. கிழவிக்குக் கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாள். காரணத்தை அந்த இடத்தில் நின்றபடி சொல்ல எனக்கு வரவில்லை. அன்று மாலை கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்ததும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது லேப்பில் டாக்டர் பேசுவதை இயந்திரமே கேட்டு எழுதிவிடுகிறது. நிஷாலினியும் அவளோடு இருப்பவர்களும் அதைத் திருத்துகிறார்கள். திருத்துவதற்கு இன்னமும் எடிட்டர் என்ற அதே பழைய மென்பொருள்தான். அதனால் காரணத்தைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை என்று பட்டது. நின்றபடி சொல்ல முடியாததை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் லேப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு வரிசையின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் சதைத் துண்டுகளை ஆஸ்பத்திரிகள் ஜாடிகளில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். டாக்டர் அருளம்பலம் அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் உண்டா, இருந்தால் என்ன நோய், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்வார். நாங்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் செய்வோம். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டதும் ரிப்போர்ட் சர்ஜனுக்குப் போகும். சர்ஜன் அதை வைத்துத்தான் மேற்கொண்டு அறுப்பதா, விடுவதா என்று முடிவு செய்வார்.

நான் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் வேகமாக டைப் அடிப்பது மட்டும்தான். மருத்துவச் சொற்களை இரண்டு வருடம் எழுதி எழுதிப் பழகினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. ஆனால் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவும் தாத்தாவும் அரசாங்க உத்தியோகம். உயரமான, ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. டைப் செய்த தாளை வாங்கி மேசையில் வைத்து, முதல் வரிக்குக் கீழே ஓர் இரும்பு ஸ்கேலை வைப்பார். அந்த வரியைப் படித்துவிட்டு ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவார். பிழை கண்ணில் பட்டால் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. என்ன பிழை என்று சொல்ல மாட்டார். தாளைத் திருப்பி நம் பக்கம் தள்ளுவார். நாமே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி எடுத்து வர வேண்டும். திட்டு வாங்கியிருந்தால் மறந்துபோயிருக்கும். அந்தப் புள்ளிகளால் எனக்குச் சில ராத்திரிகள் தூக்கம் கெட்டிருக்கிறது.

அந்த எடிட்டர் எங்களிடம் வந்தது ஒரு கட்டாயத்தில். அதற்கு முன் வைத்திருந்த மென்பொருளின் புதிய வடிவம் எங்கள் பழைய கணினிகளில் ஓடவில்லை. கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஃபைசால் என்ற மலாய்க்காரர் எல்லா இயந்திரத்திலும் ஈமேக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அதுவும் எழுத்தடிக்கும் மென்பொருள்தான். ஆனால் எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அதில் நாமே எழுதி மாற்றிக்கொள்ளலாம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது சொர்க்கம் என்றார். நாங்கள் வெறும் டைப்பிஸ்டுகள். எங்களுக்குப் புரோகிராமும் தெரியாது, சொர்க்கமும் தெரியாது.

முதல் நாள் அதிலிருந்து வெளியே வரும் வழி தெரியாமல் கணினியையே அணைத்துவிட்டேன். இரண்டாம் நாள் ஏதோ இரண்டு பொத்தான்கள் சேர்ந்து அமுங்கி, திரை இரண்டாகப் பிளந்து, ஒரே ரிப்போர்ட் மேலும் கீழும் தெரிந்தது. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் தானாகத் திருந்துவதைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஃபைசால் வந்து ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். எது புரியாமல் போனாலும் கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்து அமுக்குங்கள், அது கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு நிற்கும் என்றார். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் விளிம்பில் ஒட்டினேன். ஒரு மாதத்தில் விளிம்பு முழுக்கத் தாள்கள்.

எங்களில் மூத்தவரான மிசஸ் சியோங் ஐந்தே ஐந்து விசைகளைக் கற்றுக்கொண்டார். ஆறாவதைத் தொடவே இல்லை. ஓய்வு பெறும்வரை அந்த ஐந்தை வைத்தே வேலை செய்தார். அவரால் ஒரு நாளும் ஒரு தொல்லையும் வந்ததில்லை. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அப்போது அவரைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

நான் அப்படி இருக்கவில்லை. சுருக்கம் என்ற ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். இரண்டு மூன்று எழுத்தை அடித்து இடைவெளி விட்டால், அவை ஒரு முழு வாக்கியமாக விரிந்துவிடும். டாக்டர் தினமும் சொல்லும் வாக்கியங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கம் வைத்தேன். பிறகு நிறங்களை மாற்றினேன், விசைகளை மாற்றினேன். இணையத்தில் யாரோ எழுதிவைத்த வரிகளை எடுத்து, புரிந்தும் புரியாமலும் என் ஃபைலில் ஒட்டினேன். ஒரு காலை ஒற்றை அடைப்புக்குறி விடுபட்டுப்போய் எடிட்டர் என் மாற்றங்கள் எதுவும் இல்லாமல் மொட்டையாகத் திறந்தது. அன்று மதியம்வரை ஒவ்வொரு வரியாக நீக்கி நீக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அதன்பின் எதை மாற்றினாலும் அதற்கு முன் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன். இப்படித்தான் கற்றோம். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அடிபட்ட இடத்தில் ஒரு பாடம், அவ்வளவுதான்.

இரண்டு காரியங்களைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டுமே எனக்குப் பெருமை தந்தவை.

முதலாவது: ஃபைசால் ஆளுக்கொரு சுருக்கக் கோப்பு வைத்திருந்தார். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று டாக்டர் விரும்புகிறார் என்று சொல்லி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே கோப்பை வைக்கச் சொன்னேன். நிச்சயமாகத்தானா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். நிச்சயம் என்றேன்.

இரண்டாவது: ஏற்கெனவே இருக்கும் ஒரு சுருக்கத்துக்குப் புதிய வாக்கியம் கொடுத்தால், எடிட்டர் திரையின் அடியில் ஒரு கேள்வி கேட்கும். ‘இந்த எழுத்துகள் இப்போது இந்த வாக்கியத்தைக் குறிக்கின்றன, மாற்றட்டுமா?’ என்று. ஆமா, இல்லை என்று பதில் சொன்ன பிறகுதான் மாற்றும். நான் தினமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தவள். அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. அதனால் கேள்வியே கேட்காமல் மாற்றும்படி நானாகவே ஒரு வழியை எழுதி, எட்டாம் எண் விசையில் வைத்துக்கொண்டேன். அதைச் சரியாக எழுதி முடித்த அன்று, எனக்கும் புரோகிராம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேஎல் சென்ட்ரல் வரை சிரித்த முகத்தோடு நடந்தேன்.

வருடங்கள் போயின. என் தாள்களில் பென்சில் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்து நின்றும் போயின. டாக்டர் என் ரிப்போர்ட்டுகளுக்கு ஸ்கேலைக் கடைசி வரிவரை இறக்குவதில்லை என்பதை நான் கவனித்தேன். பாதிவரை இறங்கும், பிறகு கையெழுத்து. அதையும் எனக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

மிசஸ் சியோங் போன பிறகு அந்த நாற்காலிக்குக் கோமதி வந்தாள். ரவாங்கிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். நாற்பது வயதுக்கு மேல். அதற்கு முன் செலாயாங் பக்கம் வேறொரு லேப்பில் பத்து வருடம் டைப் செய்தவள். அந்த இடத்தை மூடிவிட்டதால் எங்களிடம் வந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்பதால் எப்போதும் பயந்துகொண்டே இருப்பாள். தான் அடித்த ஒவ்வொரு ரிப்போர்ட்டின் எண்ணையும், அன்று செய்த வேலையையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பாள். எடிட்டரைப் பார்த்து அவள் மிரண்டதும், நான் என் செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே அவள் கணினியில் போட்டுக் கொடுத்தேன். அதனோடு அந்த எட்டாம் விசையும் போனது. ஏதாவது சுருக்கம் வேண்டுமென்றால் இதை அமுக்கி எழுதிக்கோ, அவ்வளவுதான் என்று சொன்னேன்.

அது ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஒரு ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தேன். வெட்டி எடுத்த துண்டின் ஓரம்வரை நோய் வந்திருந்தால், உடம்புக்குள் இன்னும் மிச்சம் இருக்கக்கூடும் என்று அர்த்தம். ஓரம் சுத்தமாக இருந்தால் முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று நிம்மதி. அதனால் ஓரத்தைப் பற்றிய அந்த ஒற்றை வரி முக்கியம். ஓரம் சுத்தமாக இல்லை, அதாவது ‘மார்ஜின்ஸ் நாட் கிளியர்’ என்பதற்கு நான் வைத்திருந்த சுருக்கம் எம், என் என்ற இரண்டெழுத்து. அதை அடித்து இடைவெளி விட்டேன். அதே நேரம் ஃபோன் அடித்தது. பேசி முடித்து வந்து திரையைப் பார்த்தேன்.

‘மார்ஜின்ஸ் நெகட்டிவ் ஃபார் டியூமர்’ என்று இருந்தது. ஓரத்தில் நோய் இல்லை என்று அர்த்தம். டாக்டர் சொன்னதற்கு நேர் எதிர்.

ஃபோன் வராமல் இருந்திருந்தால் நான் அதைப் பார்த்திருக்க மாட்டேன். விரிந்த வாக்கியத்தைப் படிப்பதை என்றைக்கோ விட்டுவிட்டேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. மறுபடி அடித்துப் பார்த்தேன். அதேதான் வந்தது.

கோமதியிடம் கேட்டேன். முந்தைய லேப்பில் எம், என் என்றால் நெகட்டிவ் என்றுதான் பழக்கம், அதனால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொண்டேன் என்று சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். நோட்டைப் புரட்டினாள். அவள் அதை மாற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

எல்லோருக்கும் பொதுவான அந்தச் சுருக்கக் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். மாற்றியதிலிருந்து அது எத்தனை தடவை விரிந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண். எம், என்னுக்குப் பக்கத்தில் மூன்று என்று இருந்தது. எடிட்டரை மூடும்போதுதான் எண் கோப்பில் ஏறும் என்பதால், அன்று காலை நான் அடித்தது அதில் இன்னும் சேரவில்லை. அப்படியானால் இந்த ஒன்பது நாளில் மூன்று.

நான் ஒருநாளும் எழுதாத வாக்கியம் என்பதால் தேடுவது சுலபமாக இருந்தது. எல்லா ரிப்போர்ட்டுகளிலும் அதைத் தேடும்படி எடிட்டருக்குச் சொன்னேன். அன்று காலை அடித்ததை விட்டால் இரண்டு வந்தன. ஒன்று கோமதி அடித்தது. அவள் நெகட்டிவ் என்று நினைத்தே அடித்தது, சரியாக இருந்தது. இன்னொன்று நான் அடித்தது. டாக்டர் கையெழுத்தாகி ஏழு நாளுக்கு முன்பே போய்விட்டது. மூன்றாவது எங்கேயும் இல்லை.

என் ரிப்போர்ட்டின் ஒலிப்பதிவை எடுத்துக் காதில் மாட்டினேன். டாக்டரின் குரல் நிதானமாக, ‘மார்ஜின்ஸ் ஆர் நாட் கிளியர்’ என்றது. மூன்று தடவை கேட்டேன். நோயாளி பூச்சோங்கில் இருக்கும் ஒரு பெண். மார்பில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். வயது என்னைவிட ஆறு குறைவு.

கோமதி அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. “அக்கா, நான்தான் மாத்துனேன். என்னை அனுப்பிடுவாங்க” என்றாள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆமாம், நீதான் மாற்றினாய் என்று நினைத்தேன். அது ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. கேள்வியை நான் நிறுத்திவைத்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். கோமதிக்கு அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே தெரியாது. டாக்டருக்கு எடிட்டரே தெரியாது. ஃபைசால் தேடினால் கண்டுபிடிப்பார், ஆனால் அவர் ஏன் தேடப் போகிறார்?

மூன்றாவது கிடைத்த பிறகு போகலாமா என்று யோசித்தேன். கிடைக்காமலே போனால் என்ன செய்வது என்று பயம் வந்தது. இரண்டு பேருமாக டாக்டர் அறைக்குப் போனோம்.

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கும்வரை நின்றோம். நான் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து, அந்தப் பெண்ணின் சதையைச் சீவி ஒட்டிவைத்திருந்த கண்ணாடித் துண்டுகளை எடுத்து வந்து மறுபடி பார்த்தார். எங்களுக்கு அது ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு கோமதி முந்திக்கொண்டு, தான்தான் தெரியாமல் மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.

டாக்டர் எங்களோடு பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுவார். அன்று தமிழில் கேட்டார். “ஏற்கெனவே இருக்கிறதை மாத்தேக்க, அந்தப் பெட்டி உங்களிட்ட ஒண்டும் கேக்காதோ?”

“கேக்கல டாக்டர்” என்றாள் கோமதி.

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்ட பார்வை இல்லை. விவரம் தெரிந்தவளிடம் கேட்கும் பார்வை. அதுதான் என்னை உடைத்தது.

“கேக்கும் டாக்டர். நான்தான் அதை நிறுத்திவெச்சேன். இவளுக்குத் தெரியாது” என்றேன்.

“ஏன் நிப்பாட்டினீங்கள்?”

“தொந்தரவா இருந்துச்சு.”

அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கோமதி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் தாளை எடுத்து, அடியில் இருந்த தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது என்ர கையெழுத்து. கடைசி வரியை நான் வாசிக்கேல்லை. நீங்கள் அடிச்சதெண்டு விட்டிட்டன்” என்றார். பிறகு ஃபோனை எடுத்தார். “முதல்ல அந்த நோயாளிப் பிள்ளை. பிறகு எங்கட பிழையைப் பாப்பம்.”

சர்ஜனிடம் பேசினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் தவறு, ஓரம் சுத்தமாக இல்லை, திருத்திய ரிப்போர்ட் அரை மணி நேரத்தில் வரும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டு அவர் முகம் மாறியது. ஃபோனை வைத்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அடுத்து மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

திருத்திய ரிப்போர்ட்டை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அதன்பின் கோமதியும் நானும் ஒன்பது நாள் ரிப்போர்ட்டுகளையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, ஆளுக்கொரு ஸ்கேல் வைத்துக்கொண்டு படித்தோம். சாப்பிடப் போகவில்லை. மூன்றாவது எங்கே என்பதுதான் எங்கள் இருவர் மனதிலும். கோப்பில் சேமிக்காமல் யாருக்காவது நேரே அச்சடித்துக் கொடுத்துவிட்டோமா? அப்படியானால் எப்படித் தேடுவது? மாலை நான்கு மணிக்குக் கோமதி சட்டென்று நோட்டை எடுத்து, மாற்றிய நாளின் பக்கத்தை மறுபடி படித்தாள்.

“அக்கா, சரியா வருதான்னு ஒரு தடவ வெறும் பக்கத்துல அடிச்சுப் பாத்தேன். அத அப்பவே அழிச்சுட்டேன். எழுதியிருக்கேன் பாருங்க.”

பார்த்தேன். பென்சிலில் எழுதியிருந்தது. இருவரும் தரையில் பரப்பியிருந்த தாள்களை அடுக்கினோம். நிம்மதி என்று சொல்ல முடியாது. ஒன்றோடு நின்றது என்பது மட்டும் உறுதியானது.

அந்த ஒன்று நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பெண்ணின் கைப்பேசியை யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமையும் எடுக்கவில்லை. குடும்பத்தோடு சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொன்னதை நம்பித்தானே சந்தோஷமாகக் கல்யாணத்துக்குப் போனார் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். தலைவலி என்றேன். திங்கட்கிழமை மதியம் சர்ஜனிடமிருந்து டாக்டருக்கு ஃபோன் வந்தது. ஆள் கிடைத்துவிட்டார், அந்த வாரமே மறுபடி ஆபரேஷன்.

நிர்வாகத்திலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கோமதிக்குக் கடிதம் வரவில்லை. டாக்டர் அவள் பெயரைச் சொல்லவே இல்லை என்று கேள்விப்பட்டேன். தன்னைப் பற்றி நிர்வாகத்துக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார் என்பதும் பிறகு தெரிந்தது. நோயாளிக்கும் அவர் தனியாகக் கடிதம் எழுதினார். எடிட்டரையே எடுத்துவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு வந்தது. டாக்டர் வேண்டாம் என்றார். உண்டு, இல்லை என்று முடிவு சொல்லும் வாக்கியங்களுக்கு மட்டும் சுருக்கம் கூடாது, எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும் என்று விதி வைத்தார். ஃபைசால் ஆளுக்கொரு கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். நான் எட்டாம் விசையை எடுத்துவிட்டு, அந்தக் கேள்வியைப் பழையபடி கேட்க விட்டேன்.

அதோடு நான் இன்னொன்றும் செய்தேன். விரிந்த வாக்கியம் மஞ்சளாகத் தெரியும்படியும், படித்துவிட்டேன் என்று நான் ஒரு விசையை அமுக்கினால்தான் மஞ்சள் போகும்படியும் எழுதினேன். எழுத இரண்டு வாரம் ஆனது. முதல் மாதம் ஒவ்வொரு மஞ்சளையும் படித்தேன். இரண்டாம் மாதம் ஒரு நாள், படிக்காமலே என் விரல் அந்த விசையை அமுக்கிக்கொண்டு போவதைக் கண்டேன். பயந்து விசையை மாற்றினேன். விரல் அதையும் பழகிக்கொண்டது. அப்புறம் மறுபடி மாற்றினேன். ஓய்வு பெறும்வரை இப்படி எத்தனை தடவை மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. நிஷாலினி கேட்ட ஃபைலில் இருப்பது இதுதான். என் விரல்கள் ஏமாற்றும் விதத்துக்கு ஏற்ப எழுதப்பட்டது. அவள் விரல்கள் வேறு விதமாக ஏமாற்றும். அவள் தனக்கு வேண்டியதைத் தானே, ஒவ்வொன்றாக, என்ன செய்கிறோம் என்று தெரிந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆபரேஷனில் எடுத்த துண்டு எங்களிடம்தான் வந்தது. நோய் மிச்சம் இருந்தது. புதிய ஓரங்கள் சுத்தமாக இருந்தன. அந்த ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். வேண்டாம், கோமதி அடிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் ஒலிப்பதிவை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு மாதம் இருக்கும். மதிய நேரம், கவுண்டரில் இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்ததால் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். வேறோர் ஆஸ்பத்திரியில் மேல்சிகிச்சைக்குப் போகிறார், அதற்குத் தன்னுடைய கண்ணாடித் துண்டுகளும் ரிப்போர்ட்டும் வேண்டும். பெயரைப் படித்தேன். அந்தப் பூச்சோங் பெண். பெட்டியை எடுத்து வந்து, எண்களைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கினேன்.

“மொத ரிப்போர்ட்டு தப்புன்னு டாக்டர் லெட்டர் போட்டிருந்தாரு. இங்க வேல செய்றவங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னாரு. அவங்களுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க அக்கா” என்றார்.

நோயாளியோடு இந்த விஷயத்தைப் பேசக் கூடாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டி அனுப்பியிருக்கலாம். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள என்னிடம் இடம் இல்லை.

“கண்டுபிடிச்சது நான்தான்மா. தப்பா டைப் பண்ணதும் நான்தான்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவாரோ என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை. நான் கொடுத்த உறையைப் பிரித்து, இரண்டாவது ரிப்போர்ட்டை வெளியே எடுத்து, கவுண்டரின் மேல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இத நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. தமிழ்ல அர்த்தம் சொல்லி.”

எழுந்து நின்றேன். பெயரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்து, எனக்குத் தெரிந்த தமிழில் அர்த்தம் சொன்னேன். எங்கேயும் அவசரப்படவில்லை. கடைசி வரி வந்தது. ஓரங்கள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன என்று சொன்னேன்.

“அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ” என்றார்.

வாசித்தேன்.